பெண் மரம் காய்த்த வருடம்

மரத்தின் மேலிருந்து அய்யன் காணியின் குரல் மட்டும் வந்தது.

"டீச்சர், கூடையக் கட்டி விடுங்க."

ஒயர் கூடைக்குள் தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன். பாட்டிலில் நான்கு சின்னக் கிளைகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நக அளவில் வெளிர்மஞ்சள் பூக்கள். கயிற்றை இரண்டு முறை சுண்டினேன். கூடை ஆடி ஆடி இலைகளுக்குள் ஏறி மறைந்தது.

அவர் ஏழு ஆள் உயரத்தில், இடுப்பைக் கயிற்றால் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஈரப் பாறையில் நானும் வனக்காவலர் சுடலைமுத்துவும். அட்டை ஏறாமலிருக்கக் காலுறையில் புகையிலைத் தூளைத் தேய்த்திருந்தோம். அந்தக் காரநெடியும் மக்கிய இலை வாசனையும் சேர்ந்தால் எனக்கு இன்றைக்கும் அந்தக் காலைதான் ஞாபகம் வரும்.

"பூ விரிஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

"விரிஞ்சிருக்கு. பைய இருங்க. ஒண்ணொண்ணாத்தான் தொடணும்."

ஆண் மரத்துப் பூவைக் கொண்டுவந்து பெண் மரத்துப் பூவில் தொட்டு வைக்கும் வேலை அது. மூன்றாவது வருடமாகச் செய்துகொண்டிருந்தோம். முதல் இரண்டு வருடமும் தோற்றுப் போயிருந்தோம். எங்களுக்குத் தெரிந்து, அந்த வகையில் பூமியில் மிச்சமிருந்தவை அந்த இரண்டு மரங்கள்தான்.

இடம் சொல்லாததற்குக் காரணம்

போன வாரம் இந்தத் தொடரில் இந்த மரத்தை ஒரு வரியில் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். சாத்தான்குளத்திலிருந்து ஒரு வாசகர் கொஞ்சம் உரிமையோடு எழுதிக் கேட்டிருக்கிறார்: "கருங்காலிக்கு உறவுள்ள மரம் என்கிறீர்கள். எந்த மலை, எந்தப் பக்கம் என்று சொன்னால் என்ன?"

சொல்ல மாட்டேன். வருத்தப்பட வேண்டாம்.

இன்று திருநெல்வேலி சந்திப்பில் இறங்கி நூறு அடி நடந்தால் பத்துப் பேர் கழுத்தில் கருங்காலி மாலை தொங்குகிறது. அதில் எத்தனை உண்மையான கட்டை, எத்தனை சாயம் போட்ட கட்டை என்பது விற்பவருக்கே வெளிச்சம். ஆனால் கறுப்பு வைரம் பாய்ந்த மரம் ஒன்று காட்டில் நிற்கிறது என்று பத்திரிகையில் எழுதினால் அது எத்தனை நாள் நிற்கும்?

பொதிகை மலையின் கிழக்குச் சரிவு, தாமிரபரணிக்குத் தண்ணீர் தரும் ஓடைகளில் ஒன்றின் கரை. இத்தோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்ல வேண்டும். இந்த மரத்தில் ஆண் தனி, பெண் தனி. பனங்காட்டில் வாழ்கிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பனையாவது கூட்டமாக நிற்கும். காற்று ஒரு வீசு வீசினால் போதும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு வகையில் ஒரு மரம் இங்கே நிற்கும், அடுத்தது ஒரு மலை தள்ளி நிற்கும். நடுவில் காடு அறுபட்டால் பூச்சி போகாது. பூச்சி போகாவிட்டால் காய் இல்லை. மரம் நூறு வருடம் உயிரோடு நின்றாலும் அதன் வம்சம் என்றைக்கோ முடிந்திருக்கும். பச்சைப் பசேலென்று நிற்பதால் யாருக்கும் அது தெரியாது.

உதிரும் பூக்கள்

நான் மேலப்பாளையத்துக்காரி. தறி நெய்த வீடு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பது சொச்சம் வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். இதையெல்லாம் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன்.

அந்தப் பெண் மரத்தை முதலில் பார்த்தபோது வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. தரையெல்லாம் பூ. மிதிக்காமல் நடக்க முடியவில்லை. காய் ஒன்றுகூட இல்லை. சுற்றிலும் தேடினேன். விதை இல்லை, கன்று இல்லை. அடுத்த வருடம் போனேன். அப்படியே. அதற்கடுத்த வருடமும் அப்படியே.

பின்னால் ஒரு வருடம் சுடலைமுத்து துணைக்கு வந்தார். முக்கூடல் பக்கம், விவசாயக் குடும்பம். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது மலட்டு மரம்லா டீச்சர். பூக்கும், ஒண்ணும் புடிக்காது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஆம்பள மரம் பக்கத்துல இல்லாததுக்குப் பொம்பள மரத்தையா கொற சொல்லுதிய?"

அவர் மறுபடி மரத்தைப் பார்த்தார். "அதுஞ்சரிதான்" என்றார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தப் பேச்சின்போது பக்கத்தில் நின்றவர்தான் அய்யன் காணி. மலைக் குடியிருப்பில் பிறந்தவர். வனத்துறையில் தற்காலிகக் காவலர் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் 'அண்ணே' என்று கூப்பிடுவேன். அன்று அவர் கீழே கிடந்த பூ ஒன்றை எடுத்து, இதழைப் பிரித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரி வாசலில்

இரண்டு வருடம் கழிந்திருக்கும். பங்குனி வெயில். தேர்வு அறையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்து வெளியே வந்ததும் வாட்ச்மேன் வந்தார்.

"மலைக்காரர் ஒருத்தரு உங்களப் பாக்கணும்னு ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்காரு. நாளைக்கு வாரும்னேன். பூ வாடிப் போயிரும்ங்காரு."

நான் நடந்தேனா ஓடினேனா தெரியாது. வாசலருகே வாகை மர நிழலில் அய்யன் காணி உட்கார்ந்திருந்தார். மடியில் நனைந்த துண்டு. அதற்குள் தேக்கிலைப் பொட்டலம். விடியற்காலை வீட்டிலிருந்து நடந்து, ஜீப்பில் தொற்றி, பாபநாசத்தில் பஸ் பிடித்து வந்திருக்கிறார். சாப்பிடவில்லை.

"மலைக்கு அந்தப் பக்கம் யானைத் தடத்துல உதுந்து கெடந்துச்சு டீச்சர். நம்ம மரத்துப் பூவுக்கு நடுவுல குண்டா ஒண்ணு இருக்கும்லா? இதுல அது இல்ல. நூலு நூலா இருக்கு."

பொட்டலத்தைப் பிரித்தேன். பாதி கறுத்திருந்தது. லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தேன். குண்டாக இருந்தது சூலகம், அது இல்லை. நூல் நூலாக இருந்தவை மகரந்தத் தாள்கள். இரண்டாவது பூவை அவரே பிரித்துக் காட்டினார்.

முதலில் அவரைச் சாப்பிட வைத்தேன். பிறகு ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். மாணவிகள் கூடிவிட்டார்கள். "எத்தனையோ பேர் தேடிக் கிடைக்காத ஆண் மரத்தைக் கண்டுபிடித்தவர் இவர்தான்" என்று சொன்னேன். வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு மாணவி கேட்டாள்: "எப்படிக் கண்டுபிடிச்சீங்க அண்ணாச்சி?"

"அம்பது தடவ பாத்த பூவு. மாறுனா தெரியாதா?" என்றார் அவர், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

ஆய்வகத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து பேசியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு நின்றதுபோல அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை.

இரண்டு தோல்விகள்

ஆண் மரத்துக்கும் பெண் மரத்துக்கும் நடுவே ஒரு முகடு. நடந்தால் நான்கு மணி நேரம். ஆண் மரம் முதலில் பூத்து முடியப் போகும்போதுதான் பெண் மரம் பூக்கத் தொடங்கும். இரண்டிலும் சேர்ந்து பூ இருப்பது நான்கைந்து நாள்.

அனுமதி வாங்கி முதல் வருடம் போனபோது புத்தகத்தில் இருந்தபடியே செய்தேன். மகரந்தத்தை உதிர்த்து, உலர்த்தி, வெண்ணெய்க் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய், ஓவியம் வரையும் மெல்லிய தூரிகையால் தடவச் சொன்னேன். முகட்டில் மூடுபனி இறங்கியது. தூரிகை முனையில் மகரந்தம் மாவுக்கூழாக ஒட்டிக்கொண்டது. எல்லாப் பூவும் உதிர்ந்தன.

இரண்டாம் வருடம் பிளாஸ்க், பனிக்கட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் என்று கூடுதல் ஏற்பாடு. அந்த வருடமும் எல்லாம் உதிர்ந்தன.

மூன்றாவது வருடம்தான் கடைசி. அனுமதிக் கடிதம் கல்லூரி ஆசிரியை என்ற பெயரில் இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஓய்வு. இதைச் சொன்னபோது அய்யன் காணியின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையிலிருந்த கிழங்கைத் திரும்ப வைத்துவிட்டேன்.

அவர் மனைவி பார்வதி வீட்டுக்குப் பின்னால் பூசணிக் கொடியருகே குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தார்.

"என்ன செய்யுதிய?" என்று கேட்டேன்.

"மழையில வண்டே வரல டீச்சரக்கா. அதான் ஆம்பளப் பூவப் பறிச்சு, பொம்பளப் பூவுல வச்சுத் தேய்க்கேன். இல்லன்னா பிஞ்சு வெம்பிரும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க பிரஷ்ஷு, பேப்பருன்னு என்னத்துக்குக் கெடந்து அல்லாடுதிய? பூவையே கொண்டு போயித் தேச்சா என்ன?"

"நாலு மணி நேரம் நடக்கணுமே. வாடிருமே."

"கிளையோட ஒடிச்சுத் தண்ணியில வச்சா?"

வீட்டில் பூஞ்சாடி வைக்கத் தெரிந்த எவருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தோன்றவில்லை. சிரித்துவிட்டேன். பார்வதியும் சிரித்தார். கிழங்கை மறுபடி எடுத்துக்கொண்டேன்.

"நிக்கு டீச்சர்"

அப்படித்தான் அந்த ஒயர் கூடை மேலே போனது.

நான்கு நாள், நான்கு முறை. அய்யன் காணி விடிந்ததும் ஆண் மரத்தடியில் இருப்பார். கிளை ஒடித்துப் பாட்டிலில் வைத்து முகட்டைக் கடந்து வருவார். கஞ்சி குடித்துவிட்டு ஏறுவார். ஆண் பூவின் இதழை உரித்து, விரிந்த பெண் பூவில் வைத்து மெல்லத் தேய்ப்பார். தொட்ட பூவின் காம்பில் சிவப்பு நூல் கட்டுவார். நாற்பதுக்கும் மேலே கட்டினார். கடைசி நாள் இறங்கியபோது அவர் உள்ளங்காலில் தோல் உரிந்திருந்தது.

மூன்று வாரம் கழித்துப் போனோம். தரையில் பூக்கள் கிடந்தன. சிவப்பு நூல் கட்டியவையும் கிடந்தன. நான் எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அய்யன் காணி ஏறினார்.

பிறகு மேலேயிருந்து, "நிக்கு டீச்சர்" என்றார்.

"என்னது?"

"காய் நிக்கு. ஒம்பது நிக்கு."

சுடலைமுத்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் பாறையில் உட்கார்ந்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன். அந்த மரம் எத்தனை வருடமாகப் பூத்து உதிர்த்துக்கொண்டிருந்ததோ, யாருக்குத் தெரியும்?

காயை மந்தியும் மலை அணிலும் விட்டுவைக்குமா? என் தங்கை சுலைகாவிடம் பழைய கொசுவலையைக் கொடுத்து, காய்களை மூடிக் கட்டப் பைகள் தைக்கச் சொன்னேன்.

"பிள்ளைக்குச் சட்டை தைக்கலாம் ராத்தா. மரத்துக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் தைத்தாள். ஆனால் இரட்டைத் தையல் போட்டிருந்தாள்.

அப்படியும் ஐந்தை இழந்தோம். ஐப்பசியில் நான்கு பழம் இறங்கின. தொப்பி வைத்ததுபோல் காம்பு, பழுப்பு நிறம், கனிந்த சப்போட்டாவின் வாசனை. மொத்தம் பதினோரு விதை.

நான் கொன்ற விதைகள்

இங்கே ஒரு பழைய தவற்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு மழைக்காட்டு மரத்தின் விதைகள் கைநிறையக் கிடைத்தன. நெல் விதையைக் காய வைப்பதுபோலக் கல்லூரி மொட்டை மாடியில் நன்றாகக் காய வைத்தேன். வேப்பிலை போட்டுப் பாட்டிலில் அடைத்தேன். அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டினேன். ஆனியில் ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைக்கு உலரத் தெரியாது. விழுந்த ஈரத்திலேயே முளைத்துவிட வேண்டும். காய்ந்தால் செத்துப்போகும். பாட்டிலில் போட்டு நாளைக்கென்று சேமிக்க முடியாது. அந்த மரத்தைக் காப்பாற்ற ஒரே வழி, மரமாகவே வளர்ப்பதுதான். நான் காய வைத்துக் கொன்ற பிறகுதான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எனவே பதினோரு விதையும் ஒரு மணி நேரம்கூட வெயில் பார்க்கவில்லை. கல்லூரிக்கும் கொண்டு போகவில்லை. திருநெல்வேலி வெயிலில் என்னை வைத்தாலே வாடிவிடுவேன். தாய் மரத்தடி மண்ணையே அள்ளிவந்து, பார்வதியின் வீட்டுப் பின்புறம், கீற்றுக் கொட்டகைக்குள் பைகளில் ஊன்றினோம்.

தை மாதம் ஒரு நாள் மேலப்பாளையம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சிக்னல் கிடைக்கும் பாறை வரைக்கும் நடந்து வந்து பார்வதி பேசினார்.

"எல்லாம் தலயத் தூக்கிட்டு டீச்சரக்கா. ஒம்பது. ரெண்டு மட்டும் அழுகிட்டு."

நான் நின்ற நிலையைப் பார்த்து மீன்காரம்மா கேட்டார்: "என்ன டீச்சரம்மா, பேரனா, பேத்தியா?"

"இன்னும் தெரியல. பூக்கும்போதுதான் தெரியும்" என்றேன்.

அவர் மீனை அரிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பெருமழை

அதற்கடுத்த மார்கழியில் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சந்திப்புப் பகுதியே ஆறாக ஓடியது. கொற்கைப் பக்கம் இருந்த உறவினர்கள் இரண்டு நாள் மாடியில் நின்றார்கள். எங்கள் வீட்டில் சுலைகாவும் நானும் தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டிருந்தோம். கீழேயே இப்படியென்றால் மலையில் எப்படி? போன் போகவில்லை. மலைப்பாதை அறுந்துவிட்டது என்று மட்டும் செய்தி வந்தது.

இரண்டு வாரம் கழித்துத்தான் சுடலைமுத்து என்னைக் கூட்டிப் போனார். ஜீப் பாதி வழியோடு நின்றது. மிச்சத்தை நடந்தோம்.

குடியிருப்பில் உயிர்ச் சேதம் இல்லை. பார்வதியின் வீட்டுக் கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள வாங்க" என்றார் பார்வதி.

சமையல் மேடைக்குப் பக்கத்தில், அரிசி மூட்டை வைக்கும் பலகையின் மேல், அலுமினியச் சட்டிக்குள் வரிசையாக ஏழு பைகள். அரிசி மூட்டை தரையில், ஈரத்தில் இருந்தது.

"கொட்டக சாஞ்சப்ப ரெண்டு போயிட்டு. மிச்சத்த எடுத்துட்டேன். மழ விட்ட நேரமெல்லாம் வெளிய வச்சேன். இல, பச்ச மாறல பாருங்க."

மாறவில்லை. ஒவ்வொன்றிலும் ஆறேழு இலை, மேல்புறம் எண்ணெய் தேய்த்ததுபோல மினுமினுத்தது. நான் பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன், அய்யன் காணி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மரம் போயிட்டு டீச்சர்" என்றார்.

ஓடைக்கரைச் சரிவு மொத்தமும் இறங்கியிருந்தது. பெண் மரம் வேர் மேலே தெரிய, தலைகீழாக, பாறைகளுக்கு நடுவே கிடந்தது. ஒடிந்த கிளையின் நடுவில் மை கொட்டியதுபோல வைரம் தெரிந்தது. அதன் மேல் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. அய்யன் காணி தான் வழக்கமாகக் கயிறு கட்டும் கிளைக் கவையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். சுடலைமுத்துதான் கடைசியில் எழுந்தார்.

"இங்கனயே கெடந்து மக்கட்டும். ஒரு சிராய்கூட வெளிய போவாது. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார்.

அந்த ஒரு வருடம் பூசணிக் கொடியருகே பார்வதி அப்படிக் கேட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இறங்கி வரும்போது நினைத்துப் பார்த்தேன். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் மரம், தனியாக, சாகும்வரை பூத்துக்கொண்டிருந்திருக்கும்.

நடவு

கன்றுகள் முழங்காலுக்கு மேல் வளர்ந்ததும் நட அனுமதி கிடைத்தது. ஒரே சரிவில் நட வேண்டாம், ஒரு மண்சரிவு எல்லாவற்றையும் கொண்டுபோய்விடக் கூடாது என்று அய்யன் காணி முன்னாலேயே இடம் பார்த்து வைத்திருந்தார். முகட்டுக்கு இந்தப் பக்கம் நான்கு, ஆண் மரம் நிற்கும் பக்கம் மூன்று. ஆணா பெண்ணா என்று தெரியாமலேதான் நட்டோம். தெரிய இன்னும் எத்தனையோ வருடம் ஆகும். அதைப் பார்க்க நான் இருப்பேன் என்ற நினைப்பெல்லாம் எனக்கில்லை. அதில் வருத்தமும் இல்லை.

படிவத்தில் 'கன்றுகளை உருவாக்கியவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பார்வதி, அய்யன் காணி என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். அவ்வளவு அழுத்தி எழுதியது அதில்தான்.

கடைசிக் கன்று நடும்போது சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர், மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார். குறிப்பேட்டைத் திறந்து என்னிடம் கேட்டார்.

"உலகத்துல இது மொத்தம் எத்தனை மரம் இருக்குன்னு எழுதிக்கட்டும் மேடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள், கன்றின் அடியில் மண்ணை மிதித்துக்கொண்டிருந்த பார்வதி, "எட்டுன்னு எழுதுங்க" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். அவர் தயக்கம் புரிந்தது. முறைப்படி பார்த்தால், பூக்கிற வயதை எட்டிய மரத்தைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். கன்றைச் சேர்க்கக் கூடாது. நானே முப்பது வருடம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் கணக்கில் விடை ஒன்று.

"அவங்க சொன்னத எழுதுங்க" என்றேன்.

அவர் எழுதினார்.